குடிலுக்கு ஒரு கழுதை

இரண்டு வருடங்களுக்கு முன், நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்குச் சில நாட்கள் இருக்கும்போது மன்னாரில் எங்கள் கோயில் மண்டபத்தில் தொடங்கிய கதை இது. இளம் பிள்ளைகள் இயேசு பிறந்த பாலன் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நானாட்டான் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவன். வீட்டில் கதிரையில் இருந்து இருந்தே அலுத்துப்போய், அங்கே என்ன நடக்கிறது என்று புதினம் பார்க்கப் போயிருந்தேன்.

அலுமாரியில் இருந்து சொரூபங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். மாதா, சூசையப்பர், மாடு எல்லாம் சுகமாக வந்து சேர்ந்தன. கழுதை மட்டும் ஒட்டவும் முடியாதபடி நொறுங்கிக் கிடந்தது. குடிலுக்குப் பொறுப்பாக இருந்த பிள்ளை, கம்பஸில் படிக்கிறவள், அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"மாடு நிக்குதுதானே அங்கிள். கழுதை இல்லாட்டிலும் பரவாயில்லை," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. தெருவுக்குத் தெரு கழுதை நிற்கிற ஊர் இது.

"மன்னாரில இருந்துகொண்டு கழுதை இல்லாத குடிலோ? நான் செய்து தாறன்," என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் என் கையைப் பார்த்தேன். சுவரில் ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாத கை என்னுடையது. வாழ்நாள் முழுக்க டிக்கெட் கிழித்ததைத் தவிர அது வேறொன்றும் செய்ததில்லை. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் வாயை விட்டாயிற்று. செய்யாவிட்டால் குடிலிலும் கழுதை இல்லை, எனக்கும் முகம் இல்லை.

கம்பியை வளைத்து, கோழி வலையைச் சுற்றி, கோதுமை மாவில் பசை காய்ச்சிப் பழைய பேப்பர்களை அதில் நனைத்து ஒட்டினேன். மனைவி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இந்த நாய்க்கு ஏன் இவ்வளவு பெரிய வயிறு?"

நானும் எட்ட நின்று பார்த்தேன். அது நாயாகத்தான் நின்றது.

கோபத்தோடு தெருவுக்குப் போனேன். பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு இந்தக் கழுதைகளை நான் ஏசாத ஏச்சில்லை. நடுரோட்டில் நின்றுகொண்டு, ஹோர்ன் அடித்தாலும் அசையாமல் என் நேரத்தைத் தின்றவை. அன்றுதான் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்று அதை வடிவாகப் பார்த்தேன். தலை, உடம்புக்குக் கொஞ்சம் பெரிது. மூக்கு நுனியும் கண்ணைச் சுற்றியும் வெள்ளை. முதுகின் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, தோளில் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்னொரு கோடு. அச்சொட்டாக ஒரு சிலுவை. இவ்வளவு காலமும் என் பஸ்ஸை மறித்து நின்ற சிலுவை அது, நான் ஒரு நாளும் கண்டதில்லை. எதிர்க்கடைக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து தலையைக் கழற்றிப் பெரிதாக்கினேன். வயிற்றைக் குறைத்தேன். இப்போது மனைவியும் கத்தரிக்கோலோடு வந்து பக்கத்தில் இருந்துவிட்டாள். காதுகளை அவள்தான் வெட்டினாள். பிடரிமயிருக்குத் தென்னந்தும்பு ஒட்டியதும் அவள்தான். சிலுவைக் கோட்டை மட்டும் நான் ஒருவருக்கும் விடவில்லை.

காயட்டும் என்று முற்றத்தில் வைத்தோம். படலையைச் சாத்த மறந்துபோனேன். நத்தாருக்கு முதல் நாள் விடிய எழும்பிப் பார்த்தால், உண்மையான கழுதை ஒன்று உள்ளே வந்து எங்கள் கழுதையின் காதை மென்றுகொண்டு நிற்கிறது. மாப்பசையின் ருசி அதற்குப் பிடித்திருக்க வேண்டும். என் கண் கலங்கிவிட்டது. மனைவியோ என்னையும் கழுதையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"ஏன் யோசிக்கிறியள்? தன்ர ஆள் எண்டு நினைச்சுத்தான் வந்திருக்கு. இனி ஒருத்தரும் நாய் எண்டு சொல்லமாட்டினம்."

அதோடு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவசர அவசரமாகப் புதுக் காது செய்து, ஸ்திரிக்கைப் பெட்டியால் சூடு காட்டிக் காயவைத்து, ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோய் இறக்கினேன். அந்தப் பிள்ளை அதை ஒருமுறை சுற்றி வந்தாள். முதுகுக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மற்றவர்களிடம், "மாட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ," என்றாள்.

நத்தார் காலைப் பூசை முடிந்து குடிலைச் சுற்றிச் சனம் நின்றது. நான் தூரத்தில் தூணோடு நின்றேன். விடத்தல்தீவில் இருந்து வந்திருந்த ஒரு பெண், இந்தக் கழுதையை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டது காதில் விழுந்தது. என் மனைவி முன்னுக்குப் போனாள்.

"வாங்கேல்லை. என்ர மனுசன் செய்தவர்."

கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவள் என்னைப் பற்றி இன்னொருவரிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. காது கேட்காதவன்போல நின்றேன், ஆனால் நெஞ்சு நிறைந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, அன்று முழுக்கப் பெருமையில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

புதுக் காது மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை. மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் மாற்றவில்லை. இந்த வருடம் அந்தப் பிள்ளை குடிலுக்கு வரும் மூன்று ராசாக்களுக்கு ஒட்டகம் கேட்டிருக்கிறாள். பார்த்துச் செய்ய மன்னாரில் ஒட்டகத்துக்கு எங்கே போவேன் என்பதுதான் யோசனை. ஆனாலும் எதைக் கண்டாலும் இதை எப்படிச் செய்வது என்று இப்போது என் கை துறுதுறுக்கிறது. ஓய்வுபெற்றது பஸ்ஸில் இருந்த கொண்டக்டர்தான், இந்தக் கை இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது.