எட்டு இதழ்ப் பூவின் கால் பங்கு

எங்கள் வீட்டுப் பல்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதபடி தரையில் பதிக்கும் சீமெந்து ஓடு ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். இருபது சென்ரிமீற்றர் சதுரம், ஒரு மூலை உடைந்தது. அதற்கு எதிர் மூலையில் ஒரு கால் வட்டம். அதிலிருந்து அடிமட்டம் வைத்து நேர்கோடு கீறியதுபோல இரண்டு இதழ்கள். இப்படி நான்கு ஓடுகளை மூலையோடு மூலை சேர்த்தால் எட்டு இதழ்ப் பூ ஒன்று வரும். இதில் நான் இடறி விழப்போகிறேன் என்று மனைவி சொல்லாத நாள் இல்லை. அந்தப் பயம் எனக்கும் உண்டு, ஆனாலும் எறிய மனம் வரவில்லை.

இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றின் நடைபாதையில் இந்தப் பூக்கள் இருந்தன. பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து சிஞ்ஞோராவின் வாசல்வரை நூற்றுப் பதினேழு. வேலைக்குப் போகும் வீட்டு அம்மாவை நாங்கள் இங்கே சிஞ்ஞோரா என்றுதான் சொல்வோம். என்னுடைய சிஞ்ஞோரா ஸ்கொட்லாந்துக்காரி. இந்த ஊர்க்காரர் ஒருவரை மணந்து வந்து, அவர் இறந்தபின்னும் இங்கேயே தங்கிவிட்டார். பதினொரு ஆண்டுகள் அவருக்குச் சமைத்தேன், துடைத்தேன், மருந்து எண்ணிக் கொடுத்தேன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவன் நான்.

வியாழக்கிழமை பின்னேரங்களில் சிஞ்ஞோராவின் பெரிய அறையில் அவருடைய ஊர் ஆட்டம் நடக்கும். நான்கு சோடிகள், எட்டுப் பேர் சேர்ந்து ஆடுவது. சிஞ்ஞோராவோடு சேர்த்து எப்போதும் ஏழு பேர்தான். எட்டாவது ஆளுக்குப் பதிலாக ஒரு கதிரையை நிறுத்திவிட்டு ஆடுவார்கள். ஒரு நாள் தேநீர்த் தட்டோடு நின்ற நான், "இப்போது நீங்கள் ஒரு அடி பிந்திவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டேன். சிஞ்ஞோரா கதிரையைச் சுவரோரம் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். "எண்ணத் தெரிந்தவருக்கு ஆடவும் தெரியும்," என்றார். அறுபத்திரண்டு வயதில், காலுறையோடு, நான் எட்டாவது ஆள் ஆனேன்.

அங்கே ஒரு பிழை விட்டேன். எட்டுப் பேரும் கைகோத்து நடுவைப் பார்த்து நின்று இடக்கைப் பக்கமாக எட்டு அடி சுற்ற வேண்டும்; பிறகு வந்த வழியே எட்டு அடி திரும்ப வேண்டும். போகும்போது நடு என் வலப்பக்கத்தில் இருந்தது. கோயிலில் வலம் வருவதும் அப்படித்தான். கால்கள் தாமாகவே போயின. எட்டாவது அடியில் எல்லோரும் திரும்ப, நான் திரும்பாமல் போய்ப் பக்கத்தில் நின்ற பெண்மணியோடு மோதினேன். அடுத்த வாரமும் அதே மோதல், அதற்கடுத்த வாரமும். சிஞ்ஞோரா காரணம் கேட்டார். எங்கள் வழக்கத்தில் இப்படித் திரும்பி இடமாகச் சுற்றுவது சுடலையில் மட்டும், கொள்ளிக்குடம் தூக்கியவன் சுற்றுவது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அந்த மாதம்தான் வாசலில் குழாய் போட நடைபாதையைக் கிளறினார்கள். உடைந்த ஓடு ஒன்றைத் தூக்கி வந்து மேசையில் வைத்தேன். ஓட்டுக்கு இரண்டு இதழ், நான்கு ஓட்டுக்கு எட்டு. சோடிக்கு இரண்டு பேர், நான்கு சோடிக்கு எட்டு. சிஞ்ஞோராவின் முகம் வெளித்தது. நடைபாதைப் பூவிலிருந்து ஒரு புது ஆட்டம் கட்டப்போவதாகச் சொன்னார். ஐந்து மாதம் எட்டுப் பயற்றங்கொட்டைகளை மேசையில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். முடிவுச் சுற்றுத்தான் அமையவில்லை. ஒரு நாள் அவரே, "உங்கள் கோயில் சுற்றைப் போடுவோம். திரும்பாமல் பதினாறு அடி," என்றார். போட்டோம். பதினாறாவது அடியில் எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். "இது அச்சில் வரும்போது இரண்டு பெயர் இருக்கும்," என்று சிஞ்ஞோரா சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

அந்தச் சொல்லை நான் பல்லரோச் சந்தைவரை கொண்டுபோனேன். அங்கே மரக்கறிக் கடை வைத்திருக்கும் சாவகச்சேரிக்காரர் என்னை விடவில்லை.

"மாஸ்ரர், பாவாடை கட்டிக்கொண்டோ ஆடப்போறியள்?"

"அது ஸ்கொட்லாந்து ஆம்பிளையள் கட்டிறது. சாரம் எண்டு நினைச்சுக்கொள்ளும்."

"அப்ப வாறன். உங்கட பேரை மைக்கிலை சொல்லேக்கை நான்தான் முதல் கை தட்டுவன்."

ஒரு ஞாயிறு காலை, அந்த நடைபாதை தெருவோடு சேர்ந்து அகலும் இடத்தில், பூக்களின் மேலேயே ஆடினோம். மனைவி கூறைச் சேலையில் வந்திருந்தாள். கடைக்காரரும் வந்திருந்தார். வேடிக்கை பார்த்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். ஆடுமுன் சிஞ்ஞோரா இத்தாலிய மொழியில் பேசினார். ஓட்டைப் பற்றிச் சொன்னார். பிறகு, "இந்த ஆட்டத்தின் கடைசிச் சுற்று திரும்பி வராது. ஏனென்றால் இந்தப் பூவின் இதழ்கள் எல்லாம் ஒரே பக்கமாக வளைகின்றன. ஓடுதான் எனக்கு அதைச் சொல்லித் தந்தது," என்றார். அப்போது நாங்கள் கைகோத்து நின்றோம். அவருடைய கை என் கைக்குள் இருந்தது. இசை தொடங்கியது. ஒரு அடியும் பிசகாமல் ஆடினேன். எட்டாவது அடியில் வேண்டுமென்றே திரும்பியிருக்கலாம் என்று இப்போது சிலவேளை நினைப்பதுண்டு.

"அவ உங்கட பேரைச் சொல்லேல்லையே," என்றாள் மனைவி.

"ஓம்."

கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் நடைபாதைப் பூவைப் பார்த்துக்கொண்டு, "மாஸ்ரர், முதல் தரம் உங்கட கணக்குப் பிழைச்சுப் போச்சு. ரெண்டு பேர் எண்டியள், ஒராள்தானே," என்றார். பகிடியாகத் தொடங்கிய குரல் பாதியில் இறங்கிவிட்டது.

மறுநாள் கோப்பை கழுவும்போது கேட்டேன். சிஞ்ஞோரா உடனே சொன்னார்: "தெருவில் நிற்கிறவர்களுக்குக் கோயிலையும் சுடலையையும் எப்படி விளக்குவது? ஓடு என்றால் எல்லோருக்கும் புரியும். அச்சில் சரியாக எழுதுவேன். இரண்டு பெயர்." நான் நம்பினேன். இன்னும் இரண்டு ஆண்டுகள் வியாழக்கிழமைகளில் எட்டாவது ஆளாக நின்றேன்; அவருக்குக் கால் வீங்கியபோது மருந்து பூசினேன்.

பிறகு அவரை உறவினர்கள் ஸ்கொட்லாந்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கேயே இறந்தார். போன மாதம் அவருடைய மருமகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நீங்கள் மகிழ்வீர்கள் என்று நினைக்கிறேன் என்று எழுதி, அச்சிட்ட தாள் ஒன்றையும் வைத்திருந்தார். அந்த ஆட்டம்தான். சிஞ்ஞோரா கண் மூடுமுன் தானே திருத்திக் கொடுத்ததாம். எட்டு வட்டங்கள், அம்புக்குறிகள், கடைசியில் திரும்பாத பதினாறு அடி. ஒரு பெயர். கீழே அதே வரி: இதழ்கள் ஒரே பக்கமாக வளைவதால். நல்ல தேநீர் தந்ததற்காக வீட்டுப் பணியாளருக்கு நன்றியும் இருந்தது.

மறந்துவிட்டார் என்றால் ஆறியிருப்பேன். மறந்தவர் ஒரு காரணத்தைப் புதிதாக உண்டாக்க மாட்டார். யாரிடமிருந்து எடுத்தோம் என்று தெரிந்தவருக்குத்தான் வேறோர் இடத்தைக் காட்டவேண்டிய தேவை வரும். எங்கோ தெரியாத மண்டபங்களில் தெரியாத மனிதர்கள் இன்று வலம் வருகிறார்கள். அது கோயில் வலம் என்பது சாவகச்சேரிக்காரருக்கும் என் மனைவிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

தாளை மடித்து வைத்துவிட்டு, முழங்கால் நோவோடு பல்கனிக் கதவடியில் குந்தினேன். பழைய அடிமட்டத்தை எடுத்து அந்த ஓட்டின் முதல் இதழின் மேல் வைத்தேன். பிறகு இரண்டாவதன் மேல் வைத்தேன். அவற்றின் நான்கு ஓரங்களையும் இரண்டு தடவை பார்த்தேன். இதழ்கள் நேரானவை. எந்தப் பக்கமும் வளையவில்லை.