அடுப்பு மூட்டாத பகல்

எங்கள் போர்வெல் தண்ணீரில் பெட்ரோல் வாசனை வந்தபோது முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான். குடத்தைத் தூக்கிக்கொண்டு பங்க் பக்கம் விளையாடப் போனாயா என்று அம்மா அதட்டினாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் போகும் சாலையோரத்தில் வயல். அதன் ஒரு கோடியில் எங்கள் ஓட்டு வீடு, மறு கோடியில் பெட்ரோல் பங்க். ஆட்சி மாறும்போதெல்லாம் பங்க் வாசலில் கொடியும் மாறும். மண்ணுக்குள் புதைத்திருந்த அதன் தொட்டி மட்டும் மாற்றப்படாமல் துருப்பிடித்து ஒழுகியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

வயலும் வீட்டு மனையும் எங்களுடையவை இல்லை. மடத்து நிலம்; தாத்தா காலத்திலிருந்து குத்தகைச் சாகுபடி.

நிலத்தடி நீரை எந்த முறையில் சுத்தம் செய்தால் சரிப்படும் என்று சோதித்துப் பார்க்க எண்ணெய்க் கம்பெனி அனுப்பிய ஆட்கள் வந்தார்கள். வயல் நடுவே குழாய்கள் இறக்க வேண்டும், முடியும்வரை நடவு கூடாது என்றார்கள். அப்பா சம்மதித்தார். விவசாயச் சங்கத்தில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், கூடவே கூடாது என்றார்.

"மாப்ள, நடவு இல்லேன்னா கணக்குல தரிசுன்னு எழுதிடுவாங்க. அப்பறம் குத்தகை உங்க கையில நிக்காது."

"தண்ணி கெட்டுப்போன நிலத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது மச்சான்?"

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

முதலில் தண்ணீரை இறைத்து, கரி நிரப்பிய டிரம்கள் வழியாக விட்டார்கள். மோட்டார் ஓடும்வரை வாசனை குறைந்தது. நிறுத்தியதும் திரும்பி வந்தது. அடுத்தது காற்று. கம்ப்ரஸர் வைத்துத் தண்ணீருக்கு அடியில் காற்றைச் செலுத்தினால், அது குமிழியாக ஏறி வரும்போது பெட்ரோலையும் ஆவியாக்கிக் கொண்டுவந்துவிடும் என்று, சோதனையை நடத்திய பெண் இன்ஜினியர் அப்பாவுக்கு விளக்கினார். வயலில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது என்றும் சொன்னார். காற்று விட்ட அன்றைக்கு, அதைத் தடுக்க மாமா சங்கத்து ஆட்களோடு வந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கம்ப்ரஸர் ஓட ஓட, வயல் முழுவதும் பெட்ரோல் நெடி எழுந்தது.

உச்சி நேரத்தில் அம்மா உலை வைக்க வீட்டுக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். தீப்பெட்டியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்க வாசம் அடிக்குதாடி?"

அடித்தது. வெளியே இருந்ததைவிடக் கூடுதலாக. சுவரோரம் எலி பறித்திருந்த வளையருகே அம்மா குனிந்து முகர்ந்தாள். தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, வலிக்கும்படி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தாள்.

அங்கே மாமா அப்பாவின் சட்டையைப் பிடித்திருந்தார். அம்மா அவர்களைத் திரும்பியும் பார்க்காமல் இன்ஜினியரிடம் போனாள்.

"வீட்டுக்குள்ள வந்துடுச்சுங்க. நான் அடுப்பு மூட்டல."

இன்ஜினியர் கம்ப்ரஸரை நோக்கி ஓடினார். கம்ப்ரஸர் நின்றது. அதுவரை இல்லாத பயம் அந்த அமைதியில்தான் எனக்கு வந்தது. கம்பத்திலேயே கரண்டைத் துண்டிக்கச் செய்தார். வீட்டுக்குள் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது என்றார். மாமாவின் கை எப்போது சட்டையை விட்டது என்று தெரியவில்லை. உள்ளே தேங்கிய ஆவி வெளியேறட்டும் என்று அப்பாவும் அவரும் கூரைமேல் ஏறி ஓடுகளைப் பிரித்தார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கி உரசாமல் அடுக்கினார்.

சாயங்காலம் நெடி அடங்கியது. இவர்களை இன்றே விரட்டிவிடலாம் என்றார்கள் சங்கத்து ஆட்கள். எல்லோரும் மாமாவைப் பார்த்தோம்.

"தப்பு என்னோடதுதாங்க," என்றார் இன்ஜினியர். "மேல வர்ற ஆவிய உறிஞ்சி எடுக்க மொதல்ல குழாய் போட்டிருக்கணும். அது இல்லாம காத்த விட்டுட்டேன்."

"அதப் போட்டா என் தங்கச்சி வீட்டுக்குள்ள வராதா?"

"வராம பண்ணலாம். ஆனா சோதன முடியிறவரைக்கும் இவங்க இங்க இருக்க வேணாம்."

மாமா பிரித்து அடுக்கிய ஓடுகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "போடுங்க. இவங்க எங்க வீட்டுல இருக்கட்டும்," என்றார்.

உறிஞ்சும் குழாய்கள் வந்தன. கடைசியில், எண்ணெயைத் தின்னும் கிருமிகள் மண்ணிலேயே இருக்கின்றன என்று சொல்லி, நெல்லுக்குப் போடும் உரத்தை அவற்றுக்குக் கரைத்து விட்டார்கள். அடுத்த குறுவை நடவும் இல்லாமல் போனது. தண்ணீர் தெளிந்தது, குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். மாமா சொன்னதும் நடந்தது. நிலம் தரிசு என்று எழுதப்பட்டு, குத்தகை வேறு கைக்குப் போனது. அதை மீட்க மாமாதான் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தார்; பலிக்கவில்லை. நான் அப்பவே சொன்னேனே என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லிக் கேட்டதில்லை.

வீட்டைக் காலி செய்த அன்று நான் குஷியாக இருந்தேன். நாங்கள் குடிபோகும் கும்பகோணத்தில் தெருவுக்குத் தெரு டவுன் பஸ் ஓடும். சாமான் ஏற்றியாகிவிட்டது. அப்பா மோட்டாரைப் போட்டு, கொட்டுகிற தண்ணீரை இரு கையாலும் ஏந்திக் குடித்தார். ஒதுங்கி மாமாவுக்கு வழிவிட்டார். மாமா குடித்தார். மறுபடியும் அப்பா குனிந்தார். அம்மா மூட்டையோடு நின்றாள், ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை.

கிளம்புகிற நேரத்தில் இவர்களுக்கு இப்படி ஒரு தாகமா என்று அலுத்துக்கொண்டு, லாரியில் ஜன்னலோரம் பிடிக்க ஓடினேன்.