வேலை நடக்காத மூன்று மாதம்

சதக்கத்துல்லா காக்காவை நான் முதன்முதலில் பார்த்த அன்று, அவர் என் கீபோர்டின் மேல் ஒரு கல்லை வைத்தார். ஓமானின் சலாலாவில் டைப்பிங் சென்டர் வேலைக்கு வந்து எனக்கு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. விசா, வாடகை ஒப்பந்தம், வண்டி ரினியூவல் என்று காகிதத்தோடுதான் ஆட்கள் வருவார்கள். கல்லோடு வந்தவர் இவர் ஒருவர்தான்.

“தம்பி, இதுக்குப் பேப்பர் போடணும்.”

“கல்லுக்கா பாய்?”

“கல்லுக்கு இல்லங்க, மலைக்கு.” கையிலிருந்த பாட்டிலைச் சாய்த்துக் கல்லை நனைத்தார். சாம்பல் நிறமாகக் கிடந்ததில் ரோஜா நிறக் கோடுகள் எழுந்து வந்தன. மிச்சத் தண்ணீர் கீபோர்டுக்குள் இறங்கியது. “அப்புறம், பாய்னு கூப்புடாதீங்க. கீழக்கரையில அண்ணனைக் காக்கான்னுதான் சொல்லுவோம். ஊரே அப்படித்தான் கூப்புடும்.”

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், சிவில் இன்ஜினியரிங். தாசில்தார் கொடுத்த முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழை லேமினேட் செய்து பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். அதைச் சொல்லாமல் யாரோடும் பேச்சை முடிக்க மாட்டேன். காக்காவிடமும் சொன்னேன். அன்றிலிருந்து அவருக்கு நான் ‘இன்ஜினியர் தம்பி’.

காக்கா சலாலாவில் இருபத்திரண்டு வருடமாக டைல்ஸ் கடை வைத்திருந்தார். கடைக்கும் அவர் விசாவுக்கும் ஸ்பான்சர் முசல்லம் என்ற ஓமானி. அர்பாப், அதாவது முதலாளி, என்றுதான் காக்கா சொல்லுவார். மலையில் முசல்லம் கட்டிய வீட்டுக்கு டைல்ஸ் இறக்கப் போன இடத்தில், வாசலுக்குக் கீழே ஓடையில் கிடந்த கல்லைக் காக்கா செருப்பால் தேய்த்துப் பார்த்திருக்கிறார்.

“குஜராத்துல இருந்து கல்லை எறக்கி, அதைவிட ஒசத்தியான கல்லு மேல ஒட்டிக்கிட்டு இருக்கோம். சிரிப்பா வரல?” என்பார்.

உரிமம் முசல்லம் பெயரில் வாங்குவது, கல் தேறினால் காக்காவுக்குப் பாதிப் பங்கு, காகித வேலை முழுக்கக் காக்கா பொறுப்பு என்று இருவரும் எழுதிக்கொண்டார்கள். தொடர்புக்கு எந்த நம்பர் என்று கேட்டபோது முசல்லம் கையை உதறினார். “எனக்கு வர்ற மெசேஜே போதும். உன் நம்பரைப் போடு.” காக்காவின் நம்பரைப் போட்டேன்.

கிடைத்தது இரண்டு வருட ஆய்வு உரிமம். அதை வைத்து மலையைத் தேடலாம், மாதிரி எடுக்கலாம். வெட்டி விற்க முடியாது. நிபந்தனைகளை மீறாமல் இரண்டு வருடத்தை முடித்தால், அதே இடத்தில் குவாரிக்கு மனுப் போடும் முதல் உரிமை நமக்கு. மீறினால் இடம் திறந்துவிடும். யாரும் கேட்டு வாங்கலாம். நிபந்தனைகள் மொத்தம் பதினேழு. எல்லை மூலைகளில் எண் எழுதிய அடையாளக் கல் நட வேண்டும், அவற்றைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டும், இப்படி. பதினேழும் எனக்கு மனப்பாடம் என்று காக்காவிடம் சொல்லியிருந்தேன். அரபியை ஃபோனில் மொழிபெயர்த்துப் படித்தவன்தான் நான்.

ஆனால் மனுவோடு வைத்த எல்லை வரைபடம் என் கையால் போட்டது. நான்கு மூலைகளையும் நானே அளந்தேன். வெள்ளைப் பெயின்ட் அடித்து நட்ட கற்களில் ஒட்டகங்கள் முதுகு சொறிந்து சொறிந்து மூன்றாம் எண் கல்லை மாதம் ஒரு முறை சாய்க்கும். காக்கா கடப்பாரையோடு போய் நிமிர்த்துவார். “எங்க வீட்டுக்கு வர்ற மருமகன்கூட இவ்வளவு தொந்தரவு குடுக்க மாட்டான்.”

முதல் மூன்று அறிக்கைகளும் ஒழுங்காகப் போயின. அதற்குள் மகள் நஜீஹாவுக்குக் கல்யாணம் கூடியது. ஜூனில் காக்கா ஊருக்குக் கிளம்பினார். லீவில் போகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: வெற்றுத்தாளில் இரண்டு கையெழுத்து, ஓமான் சிம் போட்ட ஃபோன், இரண்டையும் என் டிராயரில் வைத்தார். அவசரத்தில் அந்த ஃபோனின் சார்ஜர் அவர் பையோடு போய்விட்டது. நான் பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

ஜூன் கடைசியில் கரீஃப் மழை இறங்கியது. மூன்று மாதம் தூறலும் மூடுபனியுமாக மலை பச்சையாகிவிடும். அதைப் பார்க்க வளைகுடா முழுக்கக் காரில் கிளம்பி சலாலாவுக்கு வரும். எங்கள் பாதையோ முழங்கால் சேறு, ஒட்டகமே ஏறாது. ஆகஸ்டில் ஒரு நாள் கீழக்கரையிலிருந்து காக்கா கூப்பிட்டார். பின்னால் பெண்கள் சத்தம், பாத்திரச் சத்தம்.

“தம்பி, ரிப்போர்ட்டு போட்டாச்சா?”

“மலையில ஒரு ஆள் கால் வைக்கல காக்கா. நடக்காத வேலைக்கு என்ன ரிப்போர்ட்டு?”

“அப்படிங்களா? போடாட்டி பரவாயில்லையா?”

“நான் பாத்துக்கறேன். நீங்க பிரியாணியக் கவனிங்க.”

“படிச்சவங்க சொன்னாச் சரிதான்” என்று வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அந்த ஃபோனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. லிங்க்கைத் திறந்தேன். அறிக்கை வரவில்லை, முப்பது நாள் அவகாசம் என்று இருந்தது. கவுண்டரில் வாடகைக் கார் காகிதத்துக்கு இருபது பேர் வரிசையில் நின்றார்கள். தானாக வரும் நினைவூட்டல், காக்கா வந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று மூடி வைத்தேன். பதினோராவது நிபந்தனையைப் பிறகுதான் முழுசாகப் படித்தேன்: வேலை நடக்காவிட்டாலும், நடக்கவில்லை என்று அறிக்கை தர வேண்டும். ஒரே ஒரு வரி. அதற்கு வேண்டிய கையெழுத்து என் டிராயரிலேயே கிடந்தது.

காக்கா அக்டோபரில் வந்தார். எனக்கென்று ஒரு டப்பா தொதல் கொண்டுவந்து, தானே ஒரு துண்டை வெட்டி என் வாயில் வைத்தார். மறுநாள் முசல்லத்தோடு மலைக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது முழங்கால்வரை செம்மண்.

“நம்ம கல்லு நாலும் பெயர்ந்து கெடக்கு தம்பி. இரும்புக் கம்பி நட்டு சிவப்பு டேப் கட்டிருக்கானுக. வேற கம்பெனி நம்பர். நம்ம எடத்தை விட்டுட்டோமாம். அந்த ஃபோனுக்கு மெசேஜ் ஏதும் வந்துச்சா?”

என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது. “சார்ஜரை நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களே காக்கா. ஃபோன் அணைஞ்சே கெடந்துச்சு.”

அவர் டிராயர்ப் பக்கம் கையை நீட்டினார். “ஆமா, சார்ஜர் என் பையிலதான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு ஃபோனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்சேபம் எழுத இரண்டு வாரம் அவகாசம் இருந்தது. உரிமக்காரர் கவனத்துக்கே நோட்டீஸ் வரவில்லை, காகிதம் பார்த்தவன் மறைத்துவிட்டான் என்று உண்மையை எழுதியிருந்தால் ஒரு வழி பிறந்திருக்கலாம். ஆனால் எங்கள் டைப்பிங் சென்டர் முதலாளி முசல்லத்தின் சித்தப்பா மகன். அடுத்த விமானத்தில் நான் ஊரில் இருப்பேன். தொலைபேசி பழுது என்று எழுதினேன். காக்கா எதிரில் உட்கார்ந்து நான் டைப் அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற ஏதும் சேக்கணுமா தம்பி? நல்லா யோசிச்சுக்கங்க.”

“இதுவே போதும் காக்கா.”

நிராகரித்துப் பதில் வந்தபோது மூவரும் என் கவுண்டரில் இருந்தோம். நான் காக்காவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்து ஒரு வரியைத் தாண்டினேன். முசல்லம் தாளை என் கையிலிருந்து வாங்கி அந்த வரியில் விரலை வைத்தார். நோட்டீஸ் திறந்து பார்க்கப்பட்ட தேதியும் மணியும் அதில் இருந்தன.

“மொபைல் கிஸ்கே பாஸ் தா?” ஃபோன் யாரிடம் இருந்தது என்று காக்காவைக் கேட்டார்.

“என்கிட்டதான் அர்பாப்” என்றார் காக்கா, இந்தியில். “ஊருக்கு எடுத்துட்டுப் போயிருந்தேன். பார்த்தேன். கல்யாண அவசரத்துல விட்டுட்டேன்.”

முசல்லம் கத்தவில்லை. அவர் தாத்தா ஆடு மேய்த்த மலை அது. தாளை நாலாக மடித்து மேசையில் வைத்தார். “இருபத்திரண்டு வருஷம், சதக்கா” என்றார். பிறகு, “கலாஸ்”, முடிந்தது என்று சொல்லி எழுந்து போனார்.

பார்க்கிங்கில் ஓடிப்போய்க் காக்காவின் கையைப் பிடித்தேன்.

“அணைஞ்சு கெடந்த ஃபோன்ல சார்ஜ் முழுசா இருந்துச்சு தம்பி. அன்னிக்கே பார்த்துட்டேன்.”

“அப்பவே கேட்டிருக்கலாமே காக்கா!”

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு ரெண்டு வாரம் ஒக்காந்திருந்தேன்.” கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். “மலை போயிடுச்சு. உங்க விசாவும் போயி யாருக்கு என்ன லாபம்? ஆனா இனிமே என் பேப்பரைத் தொடாதீங்க, இன்ஜினியர்.”

தம்பி என்ற சொல்லை அவர் விட்டது அன்றுதான்.

மார்ச்சில் அவர் விசா முடிந்தபோது முசல்லம் புதுப்பிக்கவில்லை. கடை வேறு ஒருவர் கைக்குப் போனது. நான் முசல்லத்திடம் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை அவர் வீட்டு வாசல்வரை போனேன். ரோஜா நிறக் கோடு ஓடும் பாளங்களை ஏற்றிக்கொண்டு புதுக் கம்பெனியின் லாரிகள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு முறையும் திரும்பி வந்தேன். என் சான்றிதழ் இப்போதும் லேமினேஷன் கலையாமல் பெட்டியில் இருக்கிறது. அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

காக்காவுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறார். கம்பெனி கேம்ப்பில், ஆறு பேர் தங்கும் ரூமில் தங்கியிருக்கிறார்.