தறிக்குழி மொழி

கார் நிறுத்துமிடத்தில் யாரோ புடவைப் பையைப் பிரித்தார்கள், புதுப் பட்டு வாசனை வந்தது. இங்கேதான் பெரியப்பாவின் தறிக்கூடம் இருந்தது. அவர் மத்தியானம் சாப்பிடப் போனதும், நானும் அக்காவும் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு நாட்டை உண்டாக்கி, நூலோடு நாடா குறுக்கே ஓடுகிற சத்தத்திலிருந்தும் அந்த நூலை நெருக்கி அச்சு அடிக்கிற சத்தத்திலிருந்தும் அதற்கு ஒரு மொழியும் செய்தோம். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர் நாடா போடுவதுபோல, அந்த மொழியில் ஒருத்தி தொடங்கினால் இன்னொருத்திதான் முடிக்க வேண்டும். தனியாகப் பேசவே முடியாது. ‘சர்ரக்’ என்றால் மழை. ‘லொட்டக்’ என்றால் வந்துவிட்டது.

“இன்னாடி ஒளறிக்கினு இருக்கீங்க, நாலு பேரு கேட்டா சிரிப்பாங்க” என்று பெரியப்பா அதட்டுவார். சிரிக்கட்டும் என்று இன்னும் சத்தமாகப் பேசுவோம்.

கூடத்தை இடித்து, குழியை மூடி, மேலே சிமெண்டும் போட்டுவிட்டார்கள். போடட்டும். பெங்களூரிலிருக்கும் அக்காவுக்கு அங்கேயே நின்று போன் போட்டேன்.

“மீட்டிங்ல இருக்கேன்டி, அப்புறம் பேசு” என்று கிசுகிசுத்தாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. வாட்ச்மேன் முறைத்துக்கொண்டிருந்தார். “சர்ரக்” என்று கத்தினேன்.

 மீட்டிங்கில் அத்தனை பேர் நடுவில், குரலைத் தாழ்த்தாமல் அக்கா சொன்னாள்: “லொட்டக்.”