நான் எங்க பிரிஞ்சேன்?

போன வாரம் அண்ணன் மகள் தன் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அத்தை, வெட்டிங்னு போடவா, மேரேஜ்னு போடவா? நீங்கதான் இங்கிலீஷ்ல புலியாச்சே" என்று கேட்டிருந்தாள். புலியெல்லாம் இல்லை. ஒரு காலத்தில் மாயவரத்தில் ஜாப் டைப்பிங் கடையில் உட்கார்ந்திருந்தவள், அவ்வளவுதான். தாலி கட்டுகிற நாள் வெட்டிங், அதற்கப்புறம் படுகிற பாடெல்லாம் மேரேஜ் என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மை நாலு வந்தது.

இந்த ஞானமெல்லாம் பின்னட்டை கிழிந்த ஓர் அகராதியிலிருந்து நானே கற்றுக்கொண்டது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் மேட்ரிமோனி என்றால் பட்டு வேட்டி கட்டிய சொல், ஸ்பௌஸ் என்றால் ஆணா பெண்ணா என்று சொல்லாமல் நழுவிவிடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருப்பேன். குறுவை அறுப்பு முடிந்ததும் சிங்கப்பூர், துபாய் என்று கிளம்புகிற கூட்டம் நெல் தூசி வாசனையோடு கடைக்கு வரும். இன்றைக்கும் ரைஸ் மில் பக்கம் போனால் எனக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம்தான் ஞாபகம் வருகிறது.

அப்படி வந்தவர்தான் வலங்கைமான் பக்கத்து அக்கா. சிங்கப்பூரில் ஒரு வீட்டில் சமையல் வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட் மட்டும் பாக்கி. புருஷன் துபாய் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. கடைசி ஐந்து வருஷமாகக் கடிதம் இல்லை. கோயில் கல்யாணம், பதிவு செய்யவில்லை. ஆதாரம் என்று மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினார்.

விண்ணப்பத்தில் திருமண நிலை என்ற கட்டத்தில் மேரீட் என்று அடித்தால் சான்றிதழ் எங்கே, கணவர் கையெழுத்து எங்கே என்று விண்ணப்பம் திரும்பி வரும். அதற்குள் வேலை கைநழுவிவிடும். என் அகராதி அறிவு துள்ளி எழுந்தது.

"செப்பரேட்டட்னு போட்டா சுலபமா முடிஞ்சிரும்க்கா."

"அப்படின்னா?"

"பிரிஞ்சு இருக்கறவங்க."

"நான் எங்க தங்கச்சி பிரிஞ்சேன்? வூட்லதானே இருக்கேன். போனது அவருல்ல?"

"சரி, டெசர்ட்டட்? கைவிடப்பட்டவங்க."

"கைவுட்டுட்டேன்னு அவரு சொன்னாரா? கடுதாசி வரல, அவ்வளவுதான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேரீட் என்றே அடித்தேன். கூடவே ஓர் உறுதிமொழிப் பத்திரம்: கணவர் துபாய் போனார், தகவல் இல்லை, முகவரி தெரியாது. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

பயந்தபடியே விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பியது. அந்தச் சமையல் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. என் மேல் அவருக்குக் கோபமில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மூன்றாவது தடவை பாஸ்போர்ட் வந்தது. மெதுவாக வேறொரு வீடும் அமைந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் கடைக்கு வந்தார். சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பத்திரத்துல ஒரு காப்பி குடுங்க தங்கச்சி. நான் அங்க இருக்கறப்ப அவரு வந்துட்டா, என் தம்பிய வுட்டு காட்டச் சொல்லணும். நான் பிரிஞ்சு போவலன்னு அவருக்குத் தெரியணும்ல."

பழைய கோப்புகளில் தேடி, மங்கலான கார்பன் நகல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். டைப்ரைட்டரும் இல்லை, கார்பன் தாளும் இல்லை. அந்த நகலைப் படிக்க யாராவது வந்தார்களா என்று எனக்குத் தெரியாது.