பழ ஈயும் பஸ்லியாவின் மூக்கும்

கல்முனைச் சந்தையில் பழக்கடை வைத்திருக்கும் பஸ்லியாவின் மூக்குக்கு ஊரில் தனி மரியாதை. மருந்தடித்துப் பழுக்கவைத்த மாம்பழத்தைப் பெட்டி திறக்குமுன்பே பிடித்துவிடுவாள். பழத்தையே நம்பாதவள் மனிதரையா நம்பப்போகிறாள்? மகள் நஸ்லினைக் கட்டி வீட்டோடு வந்த மருமகன் ஷரிபுதீன் மேல் முதல்நாளே ஒரு கண் வைத்தாள். கம்பஸில் ஏதோ ஆராய்ச்சியாம். ஆராய்ச்சிக்காரன் எதற்குக் கடையில் அழுகின வாழைப்பழமாகப் பொறுக்கிக்கொண்டு போகிறான்?

கம்பஸ் லீவுக்கு மூடியதும் அவன் பின்னறையைப் பிடித்துக்கொண்டான். யன்னலுக்குக் கறுப்புத் துணி, உள்ளே சிவப்பு பல்பு. அன்று பின்னேரம் அசர் தொழுது எழும்பியவளுக்குக் கதவிடுக்கால் வாசம் குப்பென்று அடித்தது. புளித்த பழம், ஈஸ்ட். அடப் பாவி, சாராயமல்லவா காய்ச்சுகிறான்! மகளின் வாழ்க்கை போச்சே! மகளிடம் கேட்கவில்லை, அவள் புருசனை விட்டுக்கொடுக்கமாட்டாள். பக்கத்து வளவிலிருக்கும் அண்ணன் காலிதீனிடம் மட்டும், அறையிலிருந்து ஒரு வாசம் வருகிறது, வெளியில் கதைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து கதவைத் தள்ளினாள்.

மேசை நிறையப் போத்தல்கள். ஒன்றைத் திறந்து மோந்தாள். கடுகளவு ஈக்கள் முகத்தில் மொய்த்தன.

"மாமி, லைட்டப் போட்டிராதீங்க!" பின்னாலேயே ஓடிவந்த ஷரிபுதீன் உள்ளே நுழைந்து பதறிக் கதவைச் சாத்தினான்.

சிவப்பு வெளிச்சம் இந்தப் பழ ஈக்களுக்கு அவ்வளவாகத் தெரியாதாம். மற்ற ஒளியென்றால் ஒரேயொரு துகள் கண்ணிலுள்ள ஒரு மூலக்கூறைத் தட்டினாலே போதுமாம். அது பக்கத்திலுள்ள பல புரதங்களை எழுப்ப, அவை நொதிகளைக் கிளப்ப, உயிர்க்கலத்தின் வாசல்கள் திறந்து சோடியமும் கல்சியமும் உள்ளே பாயுமாம். பட்டது ஒரு துகள், போகிற சேதியோ பெரிது.

"பொறகு அத அடக்குறதுக்கும் ஒரு புரதம் இரிக்கி, மாமி. இந்த ஈக்களுக்கு அதுதான் இல்ல. வெளிச்சத்தில விட்டா கண்ணே கெட்டுப்போயிரும்."

பஸ்லியாவுக்குப் பாதிதான் விளங்கியது. அந்தப் பாதியையும் நம்பாமல் போத்தலடிக் கூழை விரலில் தொட்டு மோந்தாள். வாழைப்பழமும் ஈஸ்டும்தான், சாராயமில்லை.

அதற்குள் வாசலில் சத்தம். காலிதீன், பள்ளிவாசல் நிருவாகிகள், அவர்களுக்குப் பின்னால் பாதித் தெரு. கசிப்புச் சாராயப் பீப்பாய் எங்கே என்று ஒருவர் கேட்டார். பீப்பாயா? அவள் வாசம் என்றுதானே சொன்னாள், அதுவும் ஒரு ஆளிடம்! இந்தக் கலியாணத்தை இன்றைக்கே முறித்துவிடுவோம் என்றான் காலிதீன். நஸ்லின் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

அறையைத் திறந்து காட்டினால் வெளிச்சம் உள்ளே போகும், மருமகனின் உழைப்பும் போகும். பஸ்லியா கதவுக்குக் குறுக்கே நின்றாள். கூட்டத்தில் பாதிப்பேர் அவளிடம் பழம் வாங்குகிறவர்கள்.

"உள்ள ஒண்டுமில்ல. என்ட மூக்குத்தான் பிழ." கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது.

மறுநாள் சந்தையில், அவள் எடுத்துக் கொடுத்த மாம்பழத்தை வாங்கினவர் முதலில் தானே மோந்து பார்த்தார்.