அப்பம் அவிக்கக் கூடாத வருஷம்

சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் காய் எடுத்தவள் இன்பமேரி. அவளுக்குத் தவக்காலம் என்றால் நாற்பது நாளும் தவக்காலம்தான். கறி கிடையாது, மீன் கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமல் முட்டிவலியோடு மலையேறிச் சிலுவைப்பாதை சொல்வாள். சாயங்காலம் கூலிக்காரர் வரிசைவீடான லயத்தில் ஜெபமாலை. முன்னால் சொல்வது புருஷன் கபிரியேல். மருந்தடிக்கிற பம்பை இறக்கிவைத்த கையோடு முழந்தாளில் நின்றுவிடுவான். அந்த மருந்துதான் அவன் நெஞ்சை அரித்தது என்று இவள் சொல்வாள், கேட்கத்தான் ஆளில்லை. இந்தத் தை மாதம் அவன் போய்ச் சேர்ந்தான்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு மகன் ஜிஜோ வீட்டுக்கு அவள் போனதற்கு ஒரே காரணம்தான். மருமகள் ஜோமோள் ராஜாக்காட்டு மலையாளக் கிறிஸ்தவப் பெண். அவர்கள் வழக்கப்படி அன்று வீட்டில் புளிக்காத மாவில் பெசகா அப்பம் அவித்து, மேலே குருத்தோலைச் சிலுவை வைத்து, குடும்பத்தலைவன் ஜெபம் சொல்லிப் பிட்டுக்கொடுப்பான். ஆனால் அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் அவிக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பதைத்தான் சாப்பிடுவார்கள்.

இது இன்பமேரிக்குத் தெரிந்ததே ஜோமோளின் அப்பா செத்த வருஷத்தில். அவர் செத்தது அவர் வீட்டில். அப்பம் அவிக்காமல் இருந்தது ஜிஜோ வீட்டில். செத்தவனுக்காக ஒரு வீடு இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கபிரியேலுக்கும் அந்த மரியாதை நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகவே இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்குள் நுழைந்ததும் ஜோமோள் அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஆவியும் தேங்காய் வாசமும் வந்தன.

"யாரு வீட்டுக்கும்மா அவிக்கிற?" இன்பமேரிக்கு ஒரு நப்பாசை.

ஜோமோள் ஜிஜோவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"நமக்குத்தாம்மா. அப்பா லயத்துலதான செத்தாரு? இந்த வீடு வேற. பாப்பாவும் ஆசையா கேட்டா" என்றான்.

"ஏல, உன் மாமனாரு மட்டும் இந்த வீட்டுலயா செத்தாரு?"

பதில் அவளுக்கே தெரியும். மாமனார் கோயில் பங்குக் கமிட்டியில் இருந்த பெரிய மனுஷர். கபிரியேல் மருந்து வாடை போகாத லயத்துக்காரன். சுமந்து பெற்ற பிள்ளைக்கு வந்த புத்தியைப் பாருங்கள்.

மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள். ஜிஜோ புத்தகத்தைப் பார்த்து ஜெபம் வாசித்தான். அப்பத்தைப் பிட்டு, வீட்டில் மூத்தவள் என்று முதல் துண்டை அம்மாவிடம் நீட்டினான். அதை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். இன்பமேரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போது வாசலில் பக்கத்து வீட்டு டின்சி வந்து நின்றாள். கையில் வாழையிலை மூடிய தட்டு. "அப்பச்சன் மரிச்ச வருஷமல்லே, இங்க அவிக்க மாட்டீங்கன்னு கொண்டுவந்தேன்..." என்றவள், மேஜைமேல் இருந்த குருத்தோலைச் சிலுவையைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டோடு திரும்பிப் போகப் பார்த்தாள்.

"போகாத டின்சி. கொண்டா இங்க."

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், இன்பமேரி அந்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். கபிரியேல் முன்னால் சொல்லும் ஜெபத்தை அவளே தமிழில் சொன்னாள். கண்ணீர் தாடை வரை வந்தது; துடைக்கவில்லை. பிறகு அப்பத்தைப் பிட்டு, முதல் துண்டை ஆறு வயசுப் பேத்தியைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

"உங்க தாத்தா செத்ததுக்கு வந்த அப்பம்டி இது. தின்னு."

உள்ளே ஜிஜோ நீட்டிய துண்டு இன்னும் அவன் கையில்தான் இருந்தது.